பெங்களூரில் மூன்று காலைகள்: எந்தப் பூங்கா, எந்த ஏரி?

சேலத்திலிருந்து காரில் வருகிறீர்கள், மூன்று நாள் தங்குகிறீர்கள், வயதான பெற்றோரும் பத்து வயது மகளும் உடன் வருகிறார்கள். வணிக வளாகங்கள் வேண்டாம். மரம், ஏரி, பறவை என்று பார்க்கவேண்டும். பெங்களூரில் எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தொகுத்து வைத்திருக்கும் பட்டியலில் பதினேழு இடங்கள் இருக்கின்றன. அவற்றில் பதின்மூன்றை அடித்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை.

காரணம் எளிது. இந்த ஊரில் இரண்டு பூங்காக்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். போக்குவரத்து நெரிசலில் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆவது சாதாரணம். அப்பாவும் அம்மாவும் காரிலேயே களைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் விடிகாலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருக்கும் பெங்களூர் வேறு ஊர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வசிக்கிறேன். இந்த ஊரின் மீது எனக்கு மிச்சமிருக்கும் பிரியமெல்லாம் அந்த இரண்டரை மணி நேரத்தின் மீதுதான்.

இடங்களைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். இது தெரிந்தால் நீங்கள் பார்க்கும் விதமே மாறும். பெங்களூரில் நீங்கள் பார்க்கப்போகும் ஏரிகள் எல்லாமே மனிதர் வெட்டியவை. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது; பெரிய ஆறு எதுவும் ஊருக்குள் ஓடவில்லை. மேட்டில் விழும் மழை மூன்று பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கிப் போய்விடும். போகும் நீரை ஆங்காங்கே கரை போட்டு மறித்து, ஓர் ஏரி நிறைந்தால் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலியாக அமைத்தார்கள். நம் ஊர்ப்பக்கத்து ஏரிப்பாசனம் தெரிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. அதே மதகு, அதே கலிங்கு, அதே வாய்க்கால். சொற்கள்தான் சற்று இடம் மாறி நிற்கின்றன. நாம் ஏரி என்பதைக் கன்னடத்தில் கெரெ என்பார்கள். கன்னடத்தில் ஏரி என்றால் அது ஏரிக்கரையைக் குறிக்கும். இங்கே வந்த புதிதில் ஒரு பெரியவரிடம் "ஏரி எங்கே" என்று கேட்டு, "அதன்மேல்தானே நிற்கிறாய்" என்று பதில் வாங்கியவன் நான்.

இந்த ஏரிகள் எவ்வளவு பழையவை என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. ஓசூர் சாலையை ஒட்டிய மடிவாளாவில் ஒரு சோமேசுவரர் கோயில் உண்டு. அதன் சுவரில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கொடையாகக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. கெம்பே கௌடா கோட்டை கட்டி ஊரை நிறுவியதாகச் சொல்லப்படும் 1537-க்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முன்பே இங்கே ஓர் ஏரியும் அதன் கீழ் விளைநிலமும் இருந்திருக்கின்றன. நீங்கள் வரும் வழியிலேயே அந்தக் கோயில் இருப்பதால், அப்பாவுக்குக் கல்வெட்டில் ஆர்வம் இருந்தால் பத்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.

முதல் காலை லால்பாக். எல்லோரும் சொல்லும் இடம்தான், ஆனால் எல்லோரும் போகும் நேரத்தில் போகாதீர்கள். காலை ஆறு மணிக்குத் திறந்துவிடுகிறார்கள். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் லால்பாக் என்றே நிலையம் இருக்கிறது. காரை விடுதியிலேயே விட்டுவிடலாம். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம், திப்பு விரிவாக்கியது, பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்து இன்று 240 ஏக்கர். பெரும்பாலானவர்கள் நேராகக் கண்ணாடி மாளிகைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த கூடம் அழகானதுதான். ஆனால் மலர்க் கண்காட்சி இல்லாத நாளில் அது ஒரு காலிக் கூடம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நீங்கள் நிற்கவேண்டிய இடம் பாறை. தோட்டத்துக்குள்ளேயே மொட்டையாக எழும்பி நிற்கும் அந்தக் குன்று, தக்காணத்தின் அடித்தளமான நைஸ் (gneiss) என்ற பாறை வகை. வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்துப் பலகையும் வைத்திருக்கிறார்கள். உச்சியில் கெம்பே கௌடா கோபுரம் ஒன்று நிற்கிறது. ஊரின் நான்கு திசைகளில் இப்படி நான்கு கோபுரங்கள் உண்டு. மற்றவை அல்சூர் ஏரிக்கருகில், கெம்பாம்புதி ஏரிக்கருகில், மேக்ரி வட்டத்துக்கருகில். ஊர் இவற்றைத் தாண்டி வளரக்கூடாது என்று வைத்த எல்லை என்பது செவிவழிக் கதை. பாறை உச்சியில் நின்று நான்கு புறமும் பார்த்தால் அந்த எல்லைக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பது தெரிந்துவிடும். ஏற்றம் மிதமானதுதான், ஆனால் மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால் அடிவாரத்திலேயே உட்காரட்டும். தோட்டத்துக்குள் பேட்டரி வண்டியும் ஓடுகிறது.

பாறையிலிருந்து இறங்கி ஏரிப்பக்கம் நடந்தால் ஒரு முதிய இலவமரம். அடிவேர்கள் மதில்போல எழுந்து நிற்கும். உங்கள் மகள் அவற்றுக்கிடையே நின்றால் தலை மட்டும்தான் தெரியும். இதைத் தவிர ஒரு கல்மரம் இருக்கிறது, தவறாமல் தேடிப் பாருங்கள். 2 கோடி ஆண்டு பழமையான புதைபடிவ மரம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்து வைத்தது. சொந்த ஊர்க்காரரை வெளியூரில் பார்ப்பதுபோல எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சிறு மகிழ்ச்சி.

லால்பாக்கைப் பற்றிப் பேசினால் க்ரும்பீகல் என்ற ஜெர்மானியரைச் சொல்லாமல் இருக்க முடியாது. லண்டனின் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, பரோடா சமஸ்தானத்தில் தோட்டங்கள் அமைத்து, 1908-இல் இங்கே வந்தவர். 1956-இல் பெங்களூரிலேயே இறந்தார். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்கும்படி சாலை மரங்களைத் தேர்ந்து நடவேண்டும் என்ற யோசனையை இந்த ஊருக்குக் கொடுத்தவர் அவர். அதனால் எந்த மாதம் வருகிறீர்கள் என்பது முக்கியம். பனிக்காலத்திலிருந்து மார்ச் வரை இளஞ்சிவப்புத் தபேபுயா விட்டுவிட்டுப் பூக்கும்; பிப்ரவரி, மார்ச்சில் மஞ்சள் தபேபுயாவும் ஊதா ஜகரண்டாவும்; ஏப்ரல், மே மாதங்களில் செம்மயிற்கொன்றை. இவற்றில் பெரும்பாலானவை தென்னமெரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்து குடியேறியவை. ஆனால் மார்ச்சில் நம் புங்கைமரம் பளபளக்கும் புதுத்தளிர் விடுவதை யாரும் படம் எடுப்பதில்லை. எனக்கு அதுதான் பெங்களூரின் வசந்தம்.

மலர்க் கண்காட்சி குடியரசு நாளையொட்டியும் சுதந்திர நாளையொட்டியும் ஆண்டுக்கு இருமுறை நடக்கும். வயதானவர்களோடு வருவதால் அந்த நாட்களில், குறிப்பாக விடுமுறை நாட்களில், லால்பாக்கைத் தவிர்த்துவிடுங்கள். பூக்களைவிடத் தலைகளே அதிகம் தெரியும்.

இரண்டாம் காலையைக் கப்பன் பூங்காவுக்கும் அல்சூர் ஏரிக்கும் பங்கிடலாம். ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று சொன்னவனே இரண்டைச் சொல்கிறேனே என்று நினைக்கவேண்டாம். மெட்ரோவின் ஊதாத் தடம் இரண்டையும் இணைக்கிறது, இடையில் ஒருசில நிலையங்கள்தான்.

மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி 1870-இல் அமைத்தது கப்பன் பூங்கா. அரசுக் கோப்பில் சாமராஜேந்திரா பூங்கா. அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ கேட்டால் ஓட்டுநர் யோசிப்பார். லால்பாக் ஒரு தோட்டம், இது ஒரு தோப்பு. மூங்கில் புதர்கள், தூங்குமூஞ்சி மரங்கள், செந்நிற உயர்நீதிமன்றக் கட்டடம், அதே நிறத்தில் சேஷாத்ரி ஐயர் நினைவு நூலகம். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்சாலைகளில் வாகனங்களை விடுவதில்லை; உங்கள் மூன்று நாளில் ஒரு ஞாயிறு வந்தால் அதை இதற்கே ஒதுக்குங்கள். மகள் சைக்கிள் ஓட்டுவாள், அப்பா நாளிதழ் படிக்கலாம், புல்லில் வரிசையாக உட்கார்ந்து சத்தமில்லாமல் புத்தகம் படிக்கும் இளைஞர் கூட்டம் ஒன்றையும் பார்க்கலாம். பால பவனத்தில் சிறுவர் ரயில் இருக்கிறது. பத்து வயதில் அதில் ஏறுவது கௌரவக் குறைவா இல்லையா என்பதை அவளே முடிவுசெய்யட்டும்.

பூங்காவின் ஓரத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் தெரியும். அது சம்பங்கி ஏரியாக இருந்த இடம். ஏரி போய், ஒரு சிறு குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவையொட்டி நடக்கும் கரகத் திருவிழாவின் சடங்குக்கு இன்றும் அந்தக் குளத்துக்குத்தான் வருகிறார்கள். ஏரியை மறந்த ஊர் சடங்கில் மட்டும் அதை நினைவு வைத்திருக்கிறது. மெஜஸ்டிக் பேருந்து நிலையமும் இப்படித்தான், தர்மாம்புதி ஏரியின் மேல் நிற்கிறது. கனமழை நாளில் பெங்களூர்ச் சாலைகளில் வெள்ளம் என்று செய்தியில் பார்ப்பீர்களே, நீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது, வேறொன்றுமில்லை.

அங்கிருந்து அல்சூர். கன்னடத்தில் ஹலசூரு; ஹலசு என்றால் பலா. 120 ஏக்கருக்குச் சற்றே மேற்பட்ட ஏரி, உள்ளே சிறு தீவுகள், கரையில் வெண்ணிறக் குருத்துவாரா. 1809-இல் ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்தபோது சென்னை ராணுவத்தோடு வந்து குடியேறிய தமிழர்களின் பகுதி இது. இன்றும் கடைத்தெருவில் நீங்கள் கன்னடம் தேடவேண்டிய அவசியமில்லை. ஏரிக்கருகில் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. 1991-இல் வைக்கப்பட்டு, இரு மாநிலங்களின் காவிரிச் சினத்தில் சிக்கி, பதினெட்டு ஆண்டுகள் திரைமூடியே நின்றவர் அவர். 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து நிற்க, சிலை திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. இந்தக் கதையை மகளுக்குச் சொல்வதென்றால் இங்கேயே நின்று சொல்லுங்கள்.

படகுத்துறை இருக்கிறது. ஆனால் ஏரியின் நீர் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கோடையில் பாசி பரவி நாற்றம் எடுக்கும் நாட்கள் உண்டு. அப்படியிருந்தால் கரையில் கால் மணி நேரம் நின்றுவிட்டுப் பழைய சோமேசுவரர் கோயிலுக்குப் போய்விடுங்கள். இது அல்சூர்ச் சோமேசுவரர், மடிவாளாவில் இருப்பவர் வேறு.

மூன்றாம் காலையை ஜக்கூருக்குக் கொடுங்கள் என்பேன். சுற்றுலாப் பட்டியல்களில் பெரும்பாலும் இது இருக்காது. ஊருக்கு வடக்கே, விமான நிலையச் சாலைப் பக்கம், ஏறத்தாழ 160 ஏக்கர் ஏரி. இங்கே நடக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள்: சுற்றுவட்டாரக் கழிவுநீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, அங்கிருந்து வெளிவரும் நீர் நேராக ஏரிக்குள் விழுவதில்லை. சம்பங்கோரையும் நாணலும் வளர்ந்த ஒரு சதுப்பு நிலத்தின் வழியே மெல்ல ஊர்ந்துபோகிறது. பயிர்களைக் கொழுக்கவைக்கும் அதே நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் ஏரியில் பாசியைப் பெருக்கும் சத்துக்கள். கோரைகள் அவற்றை உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்ச நீர் ஏரியை நிரப்புகிறது, நிலத்தடியில் இறங்கி அக்கம்பக்கக் கிணறுகளையும் ஊறவைக்கிறது. ஆண்டு முழுவதும் நீர் இருப்பதன் ரகசியம் இதுதான்.

நீர் இருந்தால் மீன், மீன் இருந்தால் கூழைக்கடா. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், நீலத் தாழைக்கோழி எல்லாவற்றையும் கரையில் நின்றபடியே பார்க்கலாம்; இருநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள். வலை வீசும் மீனவர்களின் பரிசல்களை ஒரு மரியாதையான தூரத்தில் கூழைக்கடாக்கள் பின்தொடர்வதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. கரை முழுவதும் நடைபாதை உண்டு, நிழல் குறைவு. ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் பல ஏரிப் பூங்காக்களில் நண்பகலில் வாயிலைப் பூட்டிவிடும் வழக்கமும் உண்டு. காலையில் போனால் அந்தச் சிக்கலும் இல்லை.

நீங்கள் தங்கும் விடுதி மல்லேசுவரம் பக்கம் என்றால் மாலை நடைக்குச் சாங்கி ஏரி போதும். கப்பன் பூங்காவை அமைத்த அதே சாங்கி 1882-இல் வெட்டியது, 37 ஏக்கர், சுற்றிவர அரை மணி. சர்ஜாபூர்ச் சாலைப் பக்கம் என்றால் கைக்கொண்டரஹள்ளி ஏரி. குப்பைமேடாகிக்கொண்டிருந்த அதைச் சுற்றுவட்டார மக்கள் மாநகராட்சியோடு மல்லுக்கட்டியும் கைகோத்தும் மீட்டெடுத்தார்கள். பசவனகுடி பக்கம் என்றால் பியூகிள் ராக். லால்பாக்கில் பார்த்த அதே பழம்பாறை, மாலை மங்கும்போது மரங்களிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பும். கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையில் வந்தால் அங்கே கடலைக்காய்ச் சந்தை.

பன்னேர்கட்டா உங்கள் பட்டியலில் இருக்கிறது. உயிரியல் பூங்காவும் பட்டாம்பூச்சிப் பூங்காவும் குழந்தைக்குப் பிடிக்கும்தான், ஆனால் அது ஒரு முழுநாளையும் விழுங்கிவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நான்காவது நாள் கிடைத்தால் யோசிக்கலாம். நந்தி மலைக்கு விடிகாலையில் ஊரே கிளம்புகிறது, மலையேறும் சாலையில் கார்களின் பின்விளக்குகளைத்தான் பார்ப்பீர்கள்.

பெல்லந்தூர் ஏரி வேண்டாம். ஊரின் மிகப்பெரிய ஏரி, ஏறத்தாழ 900 ஏக்கர், அதனால் பட்டியலில் சேர்த்திருப்பீர்கள். நகரத்தின் சாக்கடையைப் பல ஆண்டுகள் சுமந்து, சலவைத்தூள் நுரை சாலைக்குப் பறந்து, 2017-லும் 2018-லும் ஏரியே தீப்பற்றிப் புகைந்தது. நீர்மேல் நெருப்பு என்பது கவிதையில் நன்றாக இருக்கும். அதன்பின் நீரை வடித்துத் தூர்வாரும் வேலை தொடங்கினார்கள். பசுமை பார்க்க வருபவருக்கு அங்கே இப்போதைக்கு ஒன்றுமில்லை.

கொண்டுவரவேண்டியவை: டிசம்பர், ஜனவரி என்றால் பெரியவர்களுக்குக் கம்பளிச் சட்டை, மே மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் குடை, எப்போதும் நல்ல காலணி. லால்பாக்குக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, கப்பன் பூங்காவுக்கு இல்லை.

திரும்பும் வழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜக்கூர் ஏரி நிறைந்து வழியும் நீரும் சரி, பெல்லந்தூரில் நுரைத்த நீரும் சரி, கிழக்கே இறங்கிச் சேர்வது தென்பெண்ணையில். ஓசூருக்கருகில் கெலவரப்பள்ளி அணையில் மலைபோல நுரை பொங்குவதாகச் செய்தி வருவது இதனால்தான். அதே ஆறு கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது. அங்கே அணையையொட்டி ஒரு பூங்கா இருக்கிறது, சேலம் போகும் வழியிலிருந்து சற்று விலகினால் போதும். மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாகப் பார்த்த மழைநீர் அடுத்து எங்கே போகிறது என்று மகள் கேட்டால், அணையின் மறுபக்கத்தைக் காட்டலாம்.